சிட்னி முழுக்க யம் சா கடை ஏறி இறங்கி ரிவ்யூ எழுதறது எப்படி

சிட்னில யம் சா ரிவ்யூ தேடிப் பாருங்க, பாதிக்கு மேல "ஃபுட் சூப்பர், சர்வீஸ் ஸ்லோ, பார்க்கிங் கஷ்டம், மூணு ஸ்டார்" இந்த ரகம்தான் வரும். இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? எத்தனை மணிக்கு போனாங்க, எந்தப் பக்கம் உக்கார வெச்சாங்க, எத்தனை பேரு, சனிக்கிழமையா புதன்கிழமையா, ஒண்ணும் தெரியாது. மத்த ஹோட்டலுக்கு இது பரவாயில்ல, ஆர்டர் பண்ணினா கிச்சன்ல செஞ்சு கொண்டுவருவான், எப்ப போனாலும் ஏறக்குறைய ஒண்ணுதான். யம் சா அப்படி இல்ல. சமைச்சது ட்ராலில ஹால் முழுக்க சுத்தி உங்க டேபிளுக்கு வருது, அதனால 11 மணிக்கு இருக்கற கடை வேற, 2 மணிக்கு இருக்கற கடை வேற. நேரம் போடாத யம் சா ரிவ்யூவை நான் படிக்கறதே இல்ல. இந்த கைடு முழுக்க அதைச் சுத்தித்தான் இருக்கும்.

புதுசா வந்தவங்களுக்கு ரெண்டு வரி. குவாங்டாங், ஹாங்காங் பக்கத்து கேன்டனீஸ்காரங்க காலைலேர்ந்து மத்தியானம் வரைக்கும் டீயோட சின்னச் சின்ன ப்ளேட்டா சாப்பிடற வழக்கம்தான் யம் சா, அந்தச் சின்ன ஐட்டங்க டிம் சம். ஹாங்காங்லயே இப்ப ட்ராலி ஓட்டற கடை கம்மியாயிடுச்சு, பேப்பர்ல டிக் போட்டுக் குடுக்கறதுதான் ஜாஸ்தி. சிட்னில பெரிய ஹால், வட்ட டேபிள், தள்ளுவண்டின்னு பழைய ஸ்டைல் இன்னும் நல்லாவே ஓடிட்டு இருக்கு. ஆனா இங்கயும் கோவிட்டுக்கு அப்புறம் சில இடம் ஆர்டர் ஷீட், க்யூஆர் கோடுன்னு மாறிடுச்சு.

எங்கேர்ந்து ஆரம்பிக்கறது

முதல்ல ஊரைப் பிரிச்சுக்கங்க. எல்லாரும் ஹேமார்க்கெட் சைனாடவுனோட நிறுத்திக்கறாங்க, மார்க்கெட் சிட்டி மாடில தி எய்ட், சசெக்ஸ் ஸ்ட்ரீட்ல ஈஸ்ட் ஓஷன், சென்ட்ரல்ல இறங்கினா நடக்கற தூரம், டூரிஸ்ட்டும் அங்கதான் வருவாங்க. நல்லதுதான், ஆனா அதோட முடிச்சா நீங்க எழுதினது ஒரு தெருவுக்கான ரிவ்யூதான். தெற்கே ஹர்ஸ்ட்வில் ஒண்ணு போதும், ஞாயித்துக்கிழமை காலைல தாத்தா பாட்டி பேரன் பேத்தின்னு மூணு தலைமுறை ஒரே டேபிள்ல உக்காந்திருக்கும், டி4 லைன் ட்ரெயின் புடிச்சா நேரா ஸ்டேஷன் வாசல்ல இறங்கலாம். வடக்கே சாட்ஸ்வுட், ஈஸ்ட்வுட். வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் இருக்கற நம்மாளுங்களுக்கு ஈஸ்ட்வுட் கார்ல ரொம்ப தூரம் இல்ல, ஹோம்புஷ் ஸ்ட்ராத்ஃபீல்ட்காரங்களுக்கு பர்வுட் கூப்பிடு தூரம். மேற்கே கப்ரமாட்டா, அங்க வியட்நாம்லேர்ந்து வந்த சீனக் குடும்பங்க நிறைய, அதனால கை மணமே கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். ஆஷ்ஃபீல்ட்ல ஷாங்காய் சாப்பாடு, பர்வுட்ல வட சீன டம்ப்ளிங் கடைங்க நிறைய இருக்கு, அதெல்லாம் யம் சா கிடையாது. சூப் உள்ள வெச்ச சியாவ் லாங் பாவ் ஷாங்காய் பக்கத்து ஐட்டம். கேன்டனீஸ் ஹால்ல போய் "சியாவ் லாங் பாவ்ல சூப்பே இல்ல, கடை வேஸ்ட்"னு எழுதறவங்க நிறைய பேர் இருக்காங்க. அங்க அது சும்மா மெனுவுக்காக வெச்சிருக்கற சரக்கு, அதை வெச்சு கடையை எடை போடாதீங்க.

இன்னொரு பக்கம் ஆர்எஸ்எல் (முன்னாள் ராணுவத்தினர் க்ளப்), லீக்ஸ் (ரக்பி) க்ளப்புக்குள்ள நடக்கற சைனீஸ் ஹாலுங்க. வெளியேர்ந்து பார்த்தா போக்கி (சூதாட்ட) மெஷின் வெளிச்சம்தான் தெரியும், உள்ள போனா சில இடத்துல யம் சா ஓடும். பார்க்கிங் பிரச்சினை இல்ல. லிஸ்ட்ல ரெண்டு மூணு சேர்த்துக்கங்க. அதே மாதிரி சிட்டில மிஸ்டர் வாங் மாதிரி இடம் இருக்கு, லஞ்சுக்கு டிம் சம் உண்டு, ஆனா மெனு பார்த்து ஆர்டர் பண்றது, ட்ராலி இல்ல, ரேட்டும் வேற லெவல். இதையும் ஹர்ஸ்ட்வில் ஹாலையும் ஒரே ஸ்கேல்ல மார்க் போட்டா ரெண்டு பேருக்கும் நியாயம் இல்ல. ட்ராலி, ஷீட், ரெஸ்டாரன்ட் மெனுன்னு மூணு லிஸ்ட்டா வெச்சுக்கங்க.

எல்லா கடைலயும் ஒரே செட்

இதுதான் முக்கியம். போற எல்லா இடத்துலயும் மாத்தாம எடுக்க ஒரு செட் வெச்சுக்கங்க. என்னோடது ஹார் காவ் (எறா டம்ப்ளிங்), சியூ மாய் (பன்றியும் எறாவும் வெச்ச டம்ப்ளிங்), ப்ரான் சியுங் ஃபன் (எறா சுருட்டின அரிசி மாவு ரோல்), சார் சியூ பாவ் (பன்றிக் கறி வெச்ச பன்), எக் டார்ட். அதுக்கு மேல அந்தக் கடைல எல்லா டேபிள்லயும் தெரியற ஐட்டம் ஏதாவது ஒண்ணு. இல்லாட்டி என்ன ஆகும்னா ஒரு கடைல வறுத்த கணவா, இன்னொரு கடைல மேங்கோ பேன்கேக், மூணாவதுல வாத்துன்னு சாப்பிட்டுட்டு மூணையும் ஒப்பிட்டு எழுத உக்காருவீங்க, கையில ஒண்ணும் இருக்காது.

நாலு பேரா போங்க. ஹார் காவ், சியூ மாய் பெரும்பாலும் கூடைக்கு நாலு, பாவும் டார்ட்டும் மூணு. அதனால பாவ் வரும்போது ஒருத்தர் விட்டுக் குடுக்கணும், இல்ல ரெண்டு ப்ளேட் எடுக்கணும். ரெண்டு பேரா போனா ஆறு ஐட்டத்துலயே வயிறு ஃபுல். எட்டு பேரா போனா அரட்டைதான் நடக்கும், யாரும் ஒழுங்கா ருசி பார்க்க மாட்டாங்க, பில்லும் குழம்பிடும்.

ஹார் காவ்லேர்ந்து ஆரம்பிப்போம், ஏன்னா மாஸ்டர் கை இதுலதான் தெரியும். மேல் மாவு கோதுமை ஸ்டார்ச்சும் மரவள்ளி ஸ்டார்ச்சும் கலந்தது, கொதிக்கக் கொதிக்க தண்ணி ஊத்திப் பிசைவாங்க. வீட்ல கொழுக்கட்டை மாவு கிண்டினவங்களுக்கு சொல்லவே வேணாம், தண்ணி சூடு பத்தலைன்னா மடிக்கும்போதே விரிசல் விடும், அதே கதைதான் இங்கயும். கூடையைத் திறந்த உடனே சாப்பிடாதீங்க, மேலேர்ந்து ஒரு தடவை பாருங்க. உள்ள இருக்கற எறாலோட ஆரஞ்சு கலர் மாவு வழியா தெரியணும். மடிப்பு ஒரே பக்கமா நெருக்கமா வரிசையா இருக்கணும், நல்ல கைன்னா பத்துக்கு பக்கமா மடிப்பு வரும். எண்ணிக்கை ரூல் எல்லாம் இல்ல, ஆனா நாலே நாலு தடிமனான மடிப்பு இருந்தா மெஷினோ அவசரமோ ஏதோ ஒண்ணு. இப்ப சாப்ஸ்டிக்கால மெதுவா தூக்குங்க. அடி கூடையோட ஒட்டிக்கிட்டு பிஞ்சு, எறா மட்டும் கையில வந்தா, அது ரொம்ப நேரம் ஆவில கிடந்திருக்கு. பிய்யாம வந்து, ஆனா ஓரம் எல்லாம் காஞ்சு கெட்டியா இருந்தா ட்ராலில ஆறிப்போய் சுத்தியிருக்கு. ரெண்டும் வேற வேற தப்பு, ஒண்ணு கிச்சனோடது, ஒண்ணு ஹாலோடது. ரிவ்யூல அதைப் பிரிச்சு எழுதுங்க. சாதாரண ரிவ்யூவுக்கும் உங்களோடதுக்கும் வித்தியாசம் அங்கதான்.

கடிச்சா எறா "கறுக்"னு உடையணும். ஆனா அதுலயும் ஒரு ஏமாத்து இருக்கு. எறாலை சமையல் சோடா மாதிரி ஏதாவது போட்டு ஊற வெச்சு, ஓடற தண்ணில கழுவினா அந்த கறுக் வந்துடும், எல்லாருமே ஓரளவு பண்றதுதான். அளவு மீறினா கறுக் மட்டும் இருக்கும், எறா வாசனையே இருக்காது, ரப்பர் மாதிரி துள்ளும். உள்ள பொடியா நறுக்கின மூங்கில் குருத்தும் கொஞ்சம் பன்றிக் கொழுப்பும் வழக்கமா இருக்கும், அதுதான் அந்த ஈரப்பசைக்குக் காரணம். பன்றி சாப்பிடாதவங்க இங்கயே உஷார், கீழ தனியா சொல்றேன்.

சியூ மாய் சட்டுனு முடிச்சுடலாம். பன்றியும் எறாவும், மஞ்சள் மாவு, மேல ஆரஞ்சுப் பொட்டு. மாவோட மேல் ஓரம் மொறமொறன்னு காஞ்சிருந்தா பழசு. கறி அரைச்ச பேஸ்ட் மாதிரி இல்லாம வெட்டின துண்டு பல்லுல படணும்.

சியுங் ஃபன் வழுவழுன்னு அரிசி மாவுத் தோலு, உள்ள எறா சுருட்டி இருக்கும். தோலு எவ்வளவு மெலிசோ அவ்வளவு நல்லது, உள்ள இருக்கறது நிழலா தெரியணும். கவனிக்க வேண்டியது சோயா சாஸை எப்ப ஊத்தறாங்கங்கறது. உங்க டேபிள்ல வந்து ஊத்தினா நல்ல கடை. கிச்சன்லயே ஊத்தி அனுப்பினா உங்ககிட்ட வரும்போது அடித்தோலு உப்பு குடிச்சு பழுப்பாயிடும். மடிப்பு மடிப்பா இல்லாம மொத்தையா செங்கல் மாதிரி வந்தா அது வெளில வாங்கி சூடு பண்ணினதா இருக்க நிறைய சான்ஸ், ஆனா "வெளில வாங்கறாங்க"ன்னு எழுதாதீங்க, உங்களுக்குத் தெரியாது, "தோலு தடிமன், மடிப்பே இல்ல"ன்னு கண்ணுல பட்டதை எழுதுங்க.

சார் சியூ பாவ் வெள்ளை வெளேர்னு, உச்சில மூணா வெடிச்சு லேசா உள்ள இருக்கற சிவப்புக் கறி எட்டிப் பார்க்கணும். வெடிக்காம மொழுமொழுன்னு இருந்தா வேற மாவு, அது தப்பில்ல, ஆனா கேன்டனீஸ் பழைய ஸ்டைல் இல்ல. பிச்சா பஞ்சு மாதிரி வரணும், பல்லுல அப்பக் கூடாது. மூக்குல ஒரு காட்டமான நெடி அடிச்சா மாவை உப்ப வைக்கற பவுடர் ஜாஸ்தி. கறி ஓரளவு துண்டா இருக்கணும், வெறும் சிவப்பு ஜெல்லியா இருந்தா மார்க் கம்மி பண்ணுங்க, நான் தாராளமா கம்மி பண்ணுவேன்.

எக் டார்ட்டை கடைசில எடுக்கணும்னு ரூல் ஒண்ணும் இல்ல. ஓவன்லேர்ந்து சூடா ட்ராலி வர்ற நேரம் தெரிஞ்சா, நடு சாப்பாட்ல வந்தாலும் எடுத்துடுங்க. முட்டை நடுவுல லேசா ஆடணும். ஓடு ரெண்டு ரகம், ஒண்ணு பிஸ்கட் மாதிரி பொடிப்பொடியா, ஒண்ணு ஏடு ஏடா. எது ஒசத்தின்னு சண்டை முடியவே முடியாது, எந்த ரகம்னு எழுதிடுங்க போதும். மேல கருகின புள்ளியோட வர்றது மக்காவ் வழியா வந்த போர்ச்சுகீஸ் டார்ட், அது தனி.

இதுக்கு மேல தைரியம் இருந்தா கோழிக்கால். பொரிச்சு, குளிர்ந்த தண்ணில ஊற வெச்சு, அப்புறம் வேக வெச்சு, கடைசில கறுப்பு பீன்ஸ் சாஸ்ல ஆவி கட்டறாங்க, இவ்வளவு வேலைக்கு அப்புறம்தான் அந்தத் தோலு சுருக்கம் சுருக்கமா உப்பி நிக்கும். வாயில போட்டா நாக்கு பட்ட உடனே தோலு எலும்பை விட்டு கழலணும். ஒரு கடை கோழிக்காலை ஒழுங்கா பண்ணினா மத்ததும் ஏமாத்தாதுங்கறது என் கட்சி, ஏன்னா இதுல குறுக்கு வழி கிடையாது. சேப்பங்கிழங்கு வகைல வர்ற டாரோ கிழங்கை மசிச்சு வலை வலையா பொரிக்கற வூ கோக்கும் அப்படித்தான், ஆனா அது பொரிச்ச பத்து நிமிஷத்துக்குள்ள கிடைச்சாத்தான் பேசலாம். ஆறிப்போனா எண்ணெய் குடிச்ச பந்து.

டீ

யாரும் ரிவ்யூல டீயைப் பத்தி ஒரு வரி கூட எழுதறதில்ல, வேடிக்கையா இருக்கு. உக்காந்த உடனே என்ன டீன்னு கேப்பாங்க, பதில் வெச்சுக்கங்க. ஒண்ணும் சொல்லலைன்னா பெரும்பாலும் ஜாஸ்மின் வரும். கொழுப்பு ஐட்டங்களுக்கு போ லே நல்லா இருக்கும், கறுப்பா, மண் வாசனையா, வயித்தை லேசாக்கும்னு சொல்லுவாங்க. சாமந்திப் பூ கலந்த போ லே கேட்டா சில இடத்துல ஒரு சின்ன சிரிப்பும் கிடைக்கும். எல்லா கடைலயும் ஒரே டீ கேளுங்க, அப்பதான் கம்பேர் பண்ண முடியும். டீக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு சார்ஜ் உண்டு, அதை நோட் பண்ணுங்க. கெட்டில் காலியானா மூடியை சாய்ச்சு வெச்சா தண்ணி ஊத்தணும்னு அர்த்தம். சாய்ச்சு வெச்சதுலேர்ந்து எத்தனை நிமிஷத்துல ஆள் வந்தாருன்னு ஃபோன்ல பாருங்க. சர்வீஸை அளக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியல. சிரிச்சாங்களா முறைச்சாங்களாங்கறது பெரிய ஹால்ல ஒண்ணையும் காட்டாது, நூறு டேபிளுக்கு வண்டி தள்ளற அம்மா எல்லார்கிட்டயும் சிரிச்சுட்டு இருந்தா உங்க ஹார் காவ் ஆறிடும். ஊத்தினதும் ரெண்டு விரலால டேபிள்ல தட்டினா நன்றின்னு அர்த்தம், வாயால சொல்லணும்னா "ம் கோய்".

நேரமும் டேபிளும்

பெரும்பாலான ஹாலு 10 இல்ல 11 மணிக்குத் திறந்து 3 மணி வாக்குல முடிச்சுடுவாங்க. ஒவ்வொரு கடைக்கும் ரெண்டு தடவையாவது போகணும், ஒண்ணு வாரநாள், ஒண்ணு ஞாயிறு. இதுல ஒரு வினோதம் இருக்கு. வாரநாள்னா நிம்மதியா இருக்கும், ஆனா கூட்டம் கம்மிங்கறதால கூடை மெதுவாத்தான் காலியாகும், அதே சியூ மாய் மூணு ரவுண்டு சுத்தி வரும், ஐட்டமும் கம்மி. ஞாயிறு 11.30க்கு க்யூ, கத்தல், குழந்தை அழுகை, ஆனா கிச்சன்லேர்ந்து வெளில வந்த கூடை ரெண்டு நிமிஷத்துல காலி, அதனால சாப்பாடு எப்பவும் புதுசு. கூட்டமா இருக்கற நாள்லதான் யம் சா நல்லா இருக்கும். "கூட்டம் ஜாஸ்தி, ரெண்டு ஸ்டார்"னு போடறவங்க இதை யோசிக்கறதில்ல.

ஆனா சீனப் புத்தாண்டு வாரமும் மே மாசம் ரெண்டாவது ஞாயிறு வர்ற மதர்ஸ் டேயும் ரிவ்யூவுக்கு ஆகாது. சாப்பிடப் போங்க, மார்க் போடாதீங்க.

டேபிள் விஷயத்துக்கு வருவோம். உள்ள நுழைஞ்ச உடனே கிச்சன் கதவு எந்தப் பக்கம்னு பாருங்க. ட்ராலி அங்கேர்ந்துதான் கிளம்பும். கதவுக்குப் பக்கத்துல உக்காந்தா முதல் சூடு உங்களுக்கு, தூர மூலைல ஜன்னலோரம் உக்காந்தா வியூ நல்லா இருக்கும், வண்டில ரெண்டு கூடைதான் மிச்சம் இருக்கும். மூலை டேபிள்ல உக்காந்து "எல்லாம் ஆறிப்போச்சு"ன்னு எழுதினா அது பாதி உண்மை. முதல் விசிட்ல குடுத்த இடத்துல உக்காருங்க, ரெண்டாவது தடவை எதிர்ப் பக்கம் கேளுங்க. ரெண்டு இடத்துலயும் சூடு ஒண்ணா இருந்தா அந்த ஹாலை நடத்தறவர் கெட்டிக்காரர், அதை கண்டிப்பா எழுதணும்.

உக்காந்த உடனே வர்ற முதல் வண்டிகிட்ட ஜாக்கிரதை. பசில இருப்பீங்க, பொரிச்சது கண்ணுக்கு அழகா இருக்கும், ஸ்ப்ரிங் ரோல், எறா டோஸ்ட்னு நாலு ப்ளேட் இறக்கிடுவாங்க, அப்புறம் ஆவில வெந்தது வரும்போது வயித்துல இடம் இல்ல. முதல்ல ஆவி வண்டி, அப்புறம் தோசைக்கல் மாதிரி தட்டு மேல சுடச்சுட முள்ளங்கி கேக் வறுத்துத் தர்ற வண்டி, பொரிச்சது எல்லாம் கடைசில. தலையாட்டி வேணாம்னு சொல்றது மரியாதைக் குறைவு இல்ல, அங்க எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. ரொம்ப நேரம் ஒரு ஐட்டம் வரலைன்னா சூப்பர்வைசரைக் கூப்பிட்டு சொல்லுங்க, கிச்சன்லேர்ந்து நேரா வரும். அப்படி கேட்டு வாங்கினதா, வண்டில வந்ததாங்கறதையும் நோட்ல போடுங்க. கேட்டு வாங்கினது எப்பவுமே நல்லா இருக்கும், அது கடையோட சராசரி இல்ல.

காசு

டேபிள்ல ஒரு கார்டு வைப்பாங்க, ஸ்மால், மீடியம், லார்ஜ், ஸ்பெஷல்னு கட்டம் போட்டு, ஒவ்வொரு ப்ளேட்டுக்கும் முத்திரை குத்துவாங்க. எந்த ஐட்டம் எந்த சைஸ்னு கடைக்கு கடை மாறும், இங்கதான் ரேட் ஒப்பிடறது சிக்கலாகுது. ஒரு கடைல ஸ்மால் 9 டாலர், இன்னொரு கடைல 8 டாலர்னு வெச்சுக்கங்க, ரெண்டாவது மலிவுன்னு தோணும், ஆனா முதல் கடைல ஹார் காவ் மீடியம், ரெண்டாவதுல ஸ்பெஷல்னு வந்தா கணக்கு தலைகீழ். அதனால சைஸ் ரேட்டை எழுதாதீங்க, உங்க அஞ்சு ஐட்ட செட்டுக்கு ஆன மொத்தத்தையும், டீ சேர்த்து ஆளுக்கு எவ்வளவுங்கறதையும் எழுதுங்க. கார்டை பில் போடறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ எடுங்க, அப்புறம் அது திரும்பக் கிடைக்காது. முத்திரை எண்ணிக்கையையும் ப்ளேட் எண்ணிக்கையையும் அப்பவே சரி பாருங்க, தப்பு இருந்தா அங்கயே சொன்னா திருத்திடுவாங்க, வீட்டுக்கு வந்து ஒரு ஸ்டார் போடறது நல்லா இல்ல.

வார இறுதி, பப்ளிக் ஹாலிடே சர்சார்ஜ் பத்தி தனியா ஒரு வரி. ஆஸ்திரேலியால அந்த நாள்ல சர்சார்ஜ் போடறது தப்பில்ல, ஆனா எத்தனை சதவீதம், எந்த நாள்னு மெனுல ரேட் தெரியற அளவுக்கே தெளிவா போட்டிருக்கணும்னு ஏசிசிசி (நுகர்வோர் ஆணையம்) சொல்லுது. ட்ராலி கடைல பாதி பேர் மெனுவையே பார்க்கறதில்ல, அதனால எங்க எழுதி ஒட்டியிருக்காங்கன்னு பாருங்க. உக்காந்த உடனே யாரும் கேக்காம வெச்ச கடலை, ஊறுகாய் ப்ளேட் பில்லுல வருதான்னும் பாருங்க.

சைவம், பன்றி, அலர்ஜி

நம்மாளுங்க படிக்கப் போற ரிவ்யூன்னா இது இல்லாம முடியாது. வெஜ் ஐட்டம்னு வண்டிக்கார அம்மா காட்டறதை நம்பி எடுத்துடாதீங்க. முள்ளங்கி கேக் பார்த்தா சுத்த சைவம் மாதிரி இருக்கும், உள்ள சீன சாசேஜும் காஞ்ச எறாவும் போடறதுதான் வழக்கம். தாமரை இலைல மடிச்ச ஒட்டரிசில கோழியோட பன்றியும் சேர்ந்திருக்கும். டார்ட் ஓட்டுலயும் பாவ் மாவுலயும் பழைய ஸ்டைல் கடைன்னா பன்றிக் கொழுப்பு இருக்கலாம். எள்ளுருண்டை, மேங்கோ புட்டிங், தோஃபு இதெல்லாம் பார்க்க பத்திரமா தெரியும், ஆனா எள்ளுருண்டை பொரிச்ச எண்ணெய்ல வேற என்ன பொரிச்சாங்க, புட்டிங்ல ஜெலட்டினான்னு கேக்கணும். ஹால்ல வண்டி தள்ளறவங்ககிட்ட இந்தக் கேள்வி கேட்டா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க, பாவம் பின்னாடி பத்து பேர் நிக்கறாங்க. சூப்பர்வைசர்கிட்ட, முடிஞ்சா கூட்டம் வர்றதுக்கு முன்னாடி கேளுங்க, என்ன பதில் வந்துச்சுன்னு அப்படியே எழுதுங்க. "கேட்டேன், மாவுல லார்ட் (பன்றிக் கொழுப்பு) இல்லன்னு சொன்னாங்க"ன்னு எழுதறதும் "லார்ட் இல்ல"ன்னு எழுதறதும் ஒண்ணு இல்ல. எறா அலர்ஜி இருக்கறவங்களுக்கு ட்ராலி யம் சாவை நான் சிபாரிசே பண்ண மாட்டேன், எல்லாக் கூடையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒரே ஆவில இருக்கு.

முழு சைவக் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகணும்னா சிட்டில செயின்ட் மேரிஸ் கதீட்ரல் பக்கத்துல போதி இருக்கு, வீகன் யம் சா, மரத்தடில உக்கார இடம். அம்மா அப்பா ஊர்லேர்ந்து வந்திருக்கும்போது இது பெரிய உதவி. ஆனா ஹார் காவ் டெஸ்ட் எல்லாம் அங்க செல்லாது, அதுக்குத் தனி மார்க் ஷீட்.

எழுதும்போது

சாப்பிட்டு அன்னிக்கு ராத்திரியே எழுதுங்க, ரெண்டு கடை ஆனா எந்த பாவ் எங்க சாப்பிட்டதுன்னு கலந்துடும். ஒவ்வொரு கூடையையும் மூடி திறந்த உடனே ஒரு ஃபோட்டோ எடுத்தா அதுலயே நேரம் பதிவாயிடும், தனி நோட்டு வேணாம். ஆனா வண்டி தள்ளறவங்க முகம், பக்கத்து டேபிள் குழந்தைங்க ஃபோட்டோல வராம பார்த்துக்கங்க.

எழுதற விதம் இப்படி இருந்தா நல்லது, இது சும்மா மாதிரிக்கு: "ஞாயிறு 11.40, நாலு பேர், 25 நிமிஷம் க்யூ, கிச்சனுக்கு எதிர் மூலை டேபிள். ஹார் காவ் தோலு மெலிசு, நாலுல ஒண்ணு அடில ஒட்டிப் பிஞ்சுது, எறா இனிப்பா கறுக்னு இருந்துச்சு. சியுங் ஃபன்ல சாஸ் டேபிள்ல ஊத்தினாங்க. பாவ் ஆறியிருந்துச்சு, ரெண்டாவது கூடை கேட்டு வாங்கினோம், அது அருமை. கெட்டில் மூடி சாய்ச்சு ஏழு நிமிஷம். டீ, சர்சார்ஜ் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு." இதைப் படிக்கறவனுக்கு ஒரு மார்க்கும் தேவையில்ல, எப்ப போகணும், எங்க உக்காரணும், எதைக் கேட்டு வாங்கணும்னு அவனே முடிவு பண்ணிடுவான்.

மார்க் போட்டே ஆகணும்னா கிச்சனுக்கு ஒண்ணு, ஹாலுக்கு ஒண்ணுன்னு ரெண்டா போடுங்க. நல்ல மாஸ்டர், மோசமான ஹால் உள்ள கடைங்க நிறைய, அங்க 11 மணிக்குப் போனா ராஜ சாப்பாடு. அதை சேர்த்து ஆறுன்னு ஒரே நம்பரா போட்டா அந்தத் தகவல் செத்துடும்.

திட்டி எழுதும்போது கொஞ்சம் நிதானம் வேணும், இது பயமுறுத்தறதுக்கு இல்ல. சிட்னில கிங் ஸ்ட்ரீட் வார்ஃப்ல கோகோ ரோகோன்னு ஒரு ரெஸ்டாரன்ட் இருந்துச்சு, 2003ல சிட்னி மார்னிங் ஹெரால்ட் அதைக் கிழிச்சு ரிவ்யூ போட்டாங்க, கடை சில மாசத்துல மூடிடுச்சு, ஓனருங்க அவதூறு கேஸ் போட்டாங்க. 2007ல ஹைகோர்ட் (ஆஸ்திரேலியால அதுதான் உச்ச நீதிமன்றம்) வரைக்கும் போய் அந்த ரிவ்யூ அவதூறுதான்னு ஆச்சு, 2014ல வட்டியோட சேர்த்து 6 லட்சம் டாலருக்கு மேல நஷ்ட ஈடு. பேப்பர்காரங்களுக்கே அந்த கதி. ருசி பத்தின உங்க அபிப்பிராயத்தை எழுதற உரிமை உண்டு, ஆனா அது நீங்க நிஜமா சாப்பிட்ட ஐட்டம் மேல நிக்கணும். "சியூ மாய் எனக்குப் பிடிக்கல, ஓரம் காஞ்சிருந்துச்சு"ங்கறது அபிப்பிராயம். "நேத்து மிஞ்சினதை சூடு பண்ணித் தர்றாங்க", "சாப்பிட்டு ஃபுட் பாய்சன் ஆச்சு" இதெல்லாம் குற்றச்சாட்டு, நிரூபிக்கச் சொன்னா நிரூபிக்கணும். வயிறு கெட்டுப்போச்சுன்னா டாக்டரைப் பாருங்க, என்எஸ்டபிள்யூ ஃபுட் அத்தாரிட்டிக்கு (மாநில உணவுப் பாதுகாப்பு அமைப்பு) கம்ப்ளெயின்ட் பண்ணுங்க. அவங்க சைட்லயே அபராதம் வாங்கின கடைங்க லிஸ்ட்டை நேம் அண்ட் ஷேம்னு பேர் போட்டு வெச்சிருக்காங்க, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கறது நல்லது. கடை வாசல்ல ஸ்கோர்ஸ் ஆன் டோர்ஸ்ங்கற சுகாதார மார்க் ஸ்டிக்கர் இருந்தா அதையும் எழுதுங்க, ஆனா அது கட்டாயம் இல்ல, இல்லாததை வெச்சு சந்தேகப்படாதீங்க.

ஓசி சாப்பாடு வாங்கினா முதல் வரில சொல்லிடணும். என்னைக் கேட்டா வாங்கவே வேணாம், கேமராவோட வர்றாருன்னு தெரிஞ்சா கிச்சன்லேர்ந்து நேரா உங்க டேபிளுக்குத் தனி கூடை வரும், அப்புறம் நீங்க ரிவ்யூ பண்றது வேற யாருக்கும் கிடைக்காத சாப்பாட்டை.

எழுதிப் போட்டதோட விடாதீங்க. யம் சா கடைல ஆவி செக்‌ஷன் மாஸ்டர் மாறினா மூணே வாரத்துல ஹார் காவ் மடிப்பு மாறிடும், போர்டு, பேரு, ஓனர் எல்லாம் அப்படியே இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை அதே அஞ்சு ஐட்டம், அதே ஞாயிறு 11.40, போய்ட்டு வந்து பழைய ரிவ்யூ மேலயே புது தேதி போட்டு ரெண்டு வரி சேருங்க. பழசை அழிக்காதீங்க, ரேட் எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்க்கறதுக்காகவே பாதி பேர் அதைத் தேடி வருவாங்க.